சிறுநீர்ப் போத்தலும் வேலைத்தலமும்
தொழிலாளியைச் சோதிக்க யாருக்கு உரிமை?

சென்ற மாரி காலத்தில் ஒரு பின்னேரம், தாய் ஒருவர் தம்முடைய மகனைக் கூட்டிக்கொண்டு எமது அலுவலகத்துக்கு வந்தார். 1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பம். பாட்டனார் காலத்தில் செம்மண் தறையில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர்கள். இன்று வேறொருவரின் காணியில் கொட்டில் போட்டு, கிடைக்கும் கூலி வேலையில் சீவிக்கிறார்கள். மகனுக்கு இருபத்திரண்டு வயது. பாரவாகனம் ஓட்டும் அனுமதிப்பத்திரம் எடுத்திருந்தான். பொருட்கள் விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தில் சாரதி வேலைக்கு நேர்முகத் தேர்வும் முடிந்து, "திங்கட்கிழமை வாரும்" என்று சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை போனவனிடம் ஒரு சிறு போத்தலைக் கொடுத்து சிறுநீர் கேட்டார்கள். அரை மணித்தியாலத்தின் பின், "உமக்கு வேலை இல்லை, போதைப்பொருள் காட்டுது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"சுவாமி, நான் உதுகளை ஒருநாளும் தொட்டதில்லை. மேசன் வேலையிலை காலிலை கல் விழுந்து, டொக்டர் தந்த நோ குளிசைதான் குடிச்சனான்" என்றான். தாய் எதுவும் பேசாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலை போனது அவருக்குப் பெரிதாக இருக்கவில்லை. செய்தி மகனுக்கு முன்னரே ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. வீட்டில் கலியாணத்துக்கு ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். "தமையன் தூள் பாவிக்கிறவனாம்" என்று ஒரு வார்த்தை நடந்தால் போதும்.

அவன் கொண்டுவந்த மருந்துத் துண்டைப் பார்த்தேன். அந்தக் குளிசையில் கோடீன் என்னும் மருந்து சேர்ந்திருந்தது. அபின் வகையைச் சேர்ந்த மருந்து அது. அதைக் குடித்தவருடைய சிறுநீரில், ஹெரோயின் பாவித்தவருடைய சிறுநீரில் தெரிகின்ற அதே அடையாளம் தெரியும். சாதாரண சோதனைப் பட்டி இரண்டையும் பிரித்தறிய மாட்டாது.

அந்த நிறுவனத்துக்கு நான் நேரில் போய் மருந்துத் துண்டைக் காட்டினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்தாகிவிட்டது. அந்தச் சோதனையைச் செய்தவர் யார், எந்த விதியின்படி செய்தார், முடிவு எழுத்தில் இருக்கிறதா, இரண்டாம் தடவை பார்த்தார்களா என்று கேட்டேன். பதில் சொல்ல அங்கு எவருக்கும் தெரியவில்லை. பிழையான மனிதர்கள் என்று நான் சொல்லவில்லை. விதி இல்லாத இடத்தில் நல்லவர்களும் அநியாயம் செய்துவிடுவார்கள்.

வேலைத்தலங்களில் இத்தகைய சோதனை எமது மாவட்டத்துக்கும் வரத் தொடங்கிவிட்டது. ஆகவே எமது குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை இங்கு எழுதுகிறேன்.

தொழில்தருநரின் பயமும் நியாயமானதே

முதலில் மறுபக்கத்தையும் பார்ப்போம். வடக்கில் போதைப்பொருள் இல்லை என்று சொல்ல எம்மால் முடியாது. பாக்குநீரிணை வழியாகக் கேரளக் கஞ்சா வருவதும், கடற்கரைகளில் பொதி பொதியாகப் பிடிபடுவதும் பத்திரிகையில் வழமையான செய்தியாகிவிட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் கையில் மாவாப் பாக்கு. அதற்கு மேலே ஹெரோயின், ஐஸ். பங்கு மக்களின் வீடுகளுக்குப் போகும் எந்தக் குருவானவரும் இந்தக் கண்ணீரைக் கண்டிருப்பார். தகப்பனுடைய தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தை விற்றுத் தூள் வாங்கிய மகனை நானும் அறிவேன்.

ஆகவே பாரவாகனத்தை ஒருவருடைய கையில் கொடுப்பவர், மரம் அரியும் இயந்திரத்தில் ஆளை நிறுத்துபவர், மின்கம்பத்தில் ஆளை ஏற்றுபவர், அவர் தெளிந்த புத்தியோடு இருக்கிறாரா என்று கேட்பது குற்றமல்ல. அதே வேலைத்தலத்தில் நிற்கும் மற்றத் தொழிலாளருடைய உயிரும் அதில் தங்கியிருக்கிறது.

அமெரிக்காவில் இந்தச் சோதனை பரவியதும் இப்படிப்பட்ட ஒரு பயத்தினால்தான். 1986 ஆம் ஆண்டு புரட்டாதியில் சனாதிபதி றீகன், மத்திய அரசாங்க ஊழியருக்குச் சோதனை நடத்த வழிசெய்யும் கட்டளை ஒன்றைப் பிறப்பித்தார். 1987 சனவரி 4 ஆம் திகதி மேரிலாந்து மாநிலத்தில் சேஸ் என்னும் இடத்தில் பயணிகள் புகையிரதம் ஒன்று, சரக்கு எஞ்சின்களோடு மோதி 16 பேர் இறந்தனர். அந்த எஞ்சின்களைச் செலுத்திய இருவரும் கஞ்சா பாவித்திருந்தது பின்னர் தெரியவந்தது. 1991 இல் போக்குவரத்துத் துறைத் தொழிலாளருக்குச் சோதனையைக் கட்டாயமாக்கும் சட்டம் நிறைவேறியது.

ஆனால் அதே நாட்டில், அதே 1987 இல், வேறொன்றும் நடந்தது. சில மாநிலங்கள் தொழில்தருநருடைய கைக்குக் கடிவாளம் போட்டன. மினசோட்டா மாநிலம் தனிச்சட்டம் ஒன்றை இயற்றியது. சோதனைக்கு முன் எழுத்தில் கொள்கை இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தில் செய்ய வேண்டும். முதற் சோதனையில் அகப்பட்டால் வேறு முறையில் இரண்டாவது சோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். தொழிலாளி தனது விளக்கத்தைச் சொல்லலாம். மீண்டும் சோதிக்கும்படி கேட்கலாம். முதன்முறை அகப்பட்ட ஊழியரை, சிகிச்சைக்கோ ஆலோசனைக்கோ சந்தர்ப்பம் கொடுக்காமல் வேலையிலிருந்து நீக்க முடியாது. வேர்மொண்ட் மாநிலமோ வேலையில் இருப்பவரைக் காரணமின்றிச் சீட்டுக் குலுக்கியது போல் பிடித்துச் சோதிப்பதையே தடுத்துவிட்டது.

மோதல் நடந்த நாடே கடிவாளத்தையும் தேடியது என்பதை மனதில் வைத்துக்கொண்டு எமது நாட்டுக்கு வருவோம்.

எமது நாட்டுச் சட்டம்

இலங்கையில், தனியார் தொழில்தருநர் தமது ஊழியரைப் போதைப்பொருளுக்குச் சோதிப்பதை ஒழுங்குபடுத்தும் தனிச்சட்டம் இல்லை. சோதிக்கலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆகவே வேறு வேறு சட்டங்களில் சிதறிக் கிடப்பதைத்தான் நாம் பொறுக்கி எடுக்க வேண்டும்.

முதலாவது, 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச்சட்டம். போதைப்பொருளை வைத்திருத்தல், விற்றல், கடத்தல் ஆகியவற்றைத் தண்டிப்பது இதுவே. 1984 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கத் திருத்தம் பெருங்குற்றங்களுக்கு மரண தண்டனை அல்லது ஆயுட்காலச் சிறை என்று வைத்தது. 2022 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கத் திருத்தம் ஐஸ் எனப்படும் மெதம்பெற்றமினையும் இதற்குள் கொண்டுவந்தது. இச்சட்டம் அரசுக்கும் பொலிசாருக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. முதலாளி ஒருவரைப் பொலிஸ்காரராக்கும் அதிகாரம் இதில் இல்லை.

இரண்டாவது, 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். மதுபோதையில் அல்லது போதைப்பொருளின் பாதிப்பில் வாகனம் செலுத்துவது குற்றம். சந்தேகம் இருந்தால் சாரதியைச் சோதனைக்கு உட்படுத்தப் பொலிசாருக்கு அதிகாரம் உண்டு. பஸ், லொறி ஓட்டும் எமது பிள்ளைகள் இதை நன்றாக அறிந்திருக்க வேண்டும். தெருவில் பொலிசார் கேட்பதும், கடை முதலாளி கேட்பதும் ஒன்றல்ல. முன்னதற்குச் சட்டம் உண்டு. பின்னது ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

மூன்றாவது, 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம். போதைப்பொருளில் தங்கியிருப்போருக்குச் சிகிச்சையும் புனர்வாழ்வும் அளிப்பதற்கானது. மருத்துவப் பரிசோதனை, கட்டாயச் சிகிச்சை என்பன இதில் வருகின்றன. ஆனால் அவை அரச மருத்துவரும் நீதவானும் சம்பந்தப்பட்ட காரியங்கள். வேலைத்தலத்தின் முகாமையாளருக்கு உரியவை அல்ல.

நான்காவது, 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஒருவருடைய உடல்நலம் பற்றிய விபரம் விசேட பாதுகாப்புக்குரியது என்று இது சொல்கிறது. சோதனை முடிவு உடல்நல விபரமே. சந்தியில் நின்று பேசுவதற்கான கதை அல்ல. இச்சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 பங்குனியில் நடைமுறைக்கு வருவதாக இருந்து பின்போடப்பட்டன. ஆயினும் நாடு எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை அது காட்டிவிட்டது.

அரசியலமைப்பைப் பற்றியும் ஒரு சொல். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் அந்த வழி அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிராக மட்டுமே திறந்திருக்கிறது. தனியார் கம்பனிக்கு எதிராக அல்ல. அரச திணைக்களத்தில் வேலை செய்பவருக்கும் தனியாரிடம் வேலை செய்பவருக்கும் இடையில் இது பெரிய வேறுபாடு.

வேலை நீக்கப்பட்டால்

வேலையில் சேர்ந்த பின் சோதனையின் பேரில் நீக்கப்படுகிறவருக்கு ஒரு கதவு உண்டு. 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ், 1957 இல் ஏற்படுத்தப்பட்ட தொழில் நியாயசபை அது. அங்கு சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்ப்பதில்லை. நீதியும் நியாயமுமான கட்டளையை வழங்கவே அச்சபைக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறது. வேலை நீக்கத்தை ஒப்புக்கொள்ளும் தொழில்தருநர்தான் அது நியாயமானது என்று காட்ட வேண்டும். நியாயமற்றது என்று சபை கண்டால் மீண்டும் வேலை, பின்சம்பளம், நட்டஈடு என்று கட்டளையிடலாம்.

ஆனால் இதையும் அறிந்திருங்கள். குற்றவியல் வழக்கில் போல, சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற கடும் விதி அங்கு இல்லை. எது கூடிய அளவு நம்பத்தக்கது என்று பார்ப்பார்கள். ஆகவே "நான் பாவிக்கவில்லை" என்ற வாய்ச்சொல் போதாது. மருந்துத் துண்டு, வைத்தியசாலை அட்டை, இரண்டாவது சோதனை முடிவு ஆகியவை கையில் இருக்க வேண்டும்.

பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்கு இன்னொரு விதியும் உண்டு. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒழுக்காற்று நடவடிக்கையாக ஒருவரை நீக்கினால், நீக்கிய நாளுக்குப் பின் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். எனவே "ஏன் என்று எழுதித் தாருங்கள்" என்று கேட்பது அடங்காத்தனம் அல்ல. சட்டம் தந்த வார்த்தை.

மூன்று கூட்டத்தார் இந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். வேலை தேடிப் போய் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுபவர் முதலாமவர். அவர் இன்னும் ஊழியராகவில்லை. ஆகவே நியாயசபைக்குப் போக முடியாது. நான் சொன்ன சாரதித் தம்பியின் நிலைமை அதுவே. தகுதிகாண் காலத்தில் இருப்பவர் இரண்டாமவர். அவரைப் பிடிக்கவில்லை என்று தொழில்தருநர் நீக்கினால், கெட்ட நோக்கம் இருந்ததை அவர் காட்ட வேண்டியிருக்கும். மூன்றாமவர், ஒப்பந்தகாரரின் கீழ் நாட்கூலிக்கு நிற்பவர். நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, ஊழியர் சேமலாப நிதியும் இல்லை. "நாளைக்கு வர வேண்டாம்" என்ற ஒரு சொல்லோடு அவருடைய வழக்கு முடிந்துவிடுகிறது.

இந்த மூன்று கூட்டத்திலும் அதிகமாக நிற்பவர்கள் யார்? காணி இல்லாதவர்கள். காணி இருந்தபோது எமது மனிதர் எவரிடமும் போத்தலை நீட்டி நின்றதில்லை. தறை சொந்தமாக இருந்தவனை எவரும் "நீ சுத்தமானவனா?" என்று கேட்கவில்லை. விளைச்சல்தான் அவனுக்குச் சாட்சி சொன்னது. காணியை இழந்தவனுக்கு மிஞ்சியிருக்கும் முதல் இரண்டு: அவனுடைய கை, அவனுடைய பெயர். பிழையான ஒரு சோதனை இரண்டையும் ஒரே நாளில் பறித்துவிடும்.

சோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது

மலிவான சோதனைப் பட்டி ஒரு குறிப்பிட்ட பொருளை அல்ல, ஒரு வகையைச் சேர்ந்த பொருட்களைத் தேடுகிறது. சாயலைக் கண்டு ஆளைப் பிடிப்பது போன்றது அது. தமையனும் தம்பியும் ஒரே முகச்சாடை என்றால் மாறிப் பிடித்துவிடும். கோடீன் சேர்ந்த இருமல் பாணியும் நோ குளிசையும் அபின் வகையாகக் காட்டும். தடிமனுக்குக் குடிக்கும் சில குளிசைகள் சில பட்டிகளில் அம்பெற்றமின் வகையாகக் காட்டுவதுண்டு. சில ஆயுள்வேத லேகியங்களில் கஞ்சா சேர்வதுண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

இது எமது நாட்டின் குறைபாடு மட்டுமல்ல. அமெரிக்க அரசு தனது சோதனைகளில் அபின் வகைக்கான எல்லையை ஒரு மில்லிலீற்றருக்கு 300 நனோகிராம் என்று வைத்திருந்தது. கசகசா தூவிய பாண் சாப்பிட்டவர்களும் அகப்பட்டார்கள். 1998 இல் அந்த எல்லையை 2,000 ஆக உயர்த்தினார்கள்.

இதனால்தான் உறுதிப்படுத்தும் சோதனை அவசியமாகிறது. ஆய்வுகூடத்தில் பொருட்களைப் பிரித்து, ஒவ்வொன்றின் எடையையும் பார்த்து இனங்காணும் கருவி உண்டு. அந்தச் சோதனை கோடீனையும் ஹெரோயினையும் பிரித்தறியும். பட்டி சந்தேகத்தை மட்டும் எழுப்பலாம். தீர்ப்புச் சொல்லும் தகுதி அதற்கு இல்லை.

இன்னொன்று. சிறுநீர்ச் சோதனை, ஒருவர் இப்போது மயக்கத்தில் இருக்கிறாரா என்று சொல்லாது. ஹெரோயினோ ஐசோ பாவித்தால் ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு நாட்கள் வரை அடையாளம் தெரியும். கஞ்சாவை ஒருமுறை பாவித்தவருக்குச் சில நாட்கள். நாள்தோறும் பாவித்தவருக்கு வாரக்கணக்கில் தெரியும். சாராயமோ சில மணித்தியாலங்களில் போய்விடும். முதல்நாள் இரவு முழுக்கக் கசிப்புக் குடித்து, விடிய நடுங்கும் கையோடு லொறி ஏறுபவர் போதைப்பொருள் பட்டியில் அகப்பட மாட்டார். இந்தச் சோதனையை மட்டும் நம்பி "எமது வேலைத்தலம் பாதுகாப்பானது" என்று எண்ணும் தொழில்தருநர் தம்மைத் தாமே ஏமாற்றுகிறார்.

சர்வதேசத் தொழில் தாபனம் 1996 இல் இதுபற்றி ஒரு நடைமுறைக் கோவையை வெளியிட்டது. மது, போதைப் பிரச்சினையை முதலில் ஒரு சுகாதாரப் பிரச்சினையாகப் பார்க்க வேண்டும். தொழிலாளருடைய பிரதிநிதிகளோடு கலந்து கொள்கை வகுக்க வேண்டும். இரகசியம் காக்க வேண்டும். சிகிச்சை பெற விரும்புபவரை வேறு நோயாளரைப் போலவே நடத்த வேண்டும் என்பதே அதன் சாரம். சட்டம் போன்று கட்டுப்படுத்தும் வலு அதற்கு இல்லை. ஆனாலும் நியாயம் எது என்று காட்டும் அளவுகோல் அதுதான்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு

எமது குடும்பங்கள் கடைப்பிடிக்கக்கூடிய சில காரியங்கள் உண்டு.

1. எந்த மருந்து குடித்தாலும் மருந்துத் துண்டையும் வைத்தியசாலைக் கொப்பியையும் எறியாதீர்கள். ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டு அடையாள அட்டையோடு வையுங்கள்.

2. சோதனைக்குக் கேட்டால், மாதிரி கொடுப்பதற்கு முன்பே "நான் இந்த மருந்து குடிக்கிறேன்" என்று சொல்லி, எழுதிக்கொள்ளும்படி கேளுங்கள். முடிவு வந்த பின் சொன்னால் சாட்டு என்று எண்ணுவார்கள்.

3. கையொப்பம் வைக்க முன் வாசியுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், விளங்கப்படுத்தும்படி கேளுங்கள். வேலை ஒப்பந்தத்தில் சோதனைக்குச் சம்மதம் எழுதப்பட்டிருந்தால், பின்னர் மறுப்பது கடினம்.

4. போத்தலில் உங்கள் பெயரோ இலக்கமோ எழுதி, உங்கள் கண் முன்னே மூடினார்களா என்று பாருங்கள். மாதிரிகள் மாறினால் வாழ்க்கை மாறிவிடும்.

5. முடிவு பாதகமாக வந்தால் சண்டை பிடிக்க வேண்டாம். "வேறு ஆய்வுகூடத்தில் உறுதிப்படுத்துங்கள், முடிவை எழுத்தில் தாருங்கள்" என்று கேளுங்கள். அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போய் வைத்தியரைக் கண்டு விபரம் சொல்லுங்கள். இரண்டு நாள் பிந்தினால் சாட்சி உடலை விட்டுப் போய்விடும்.

6. வேலை நீக்கினால் மாவட்டத் தொழில் அலுவலகத்துக்கோ சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கோ உடனே போங்கள். நியாயசபைக்குக் காலக்கெடு உண்டு. "பிறகு பார்ப்போம்" என்று இருந்தவர்கள் பலர் கதவு மூடிய பின் வந்தவர்கள்.

7. வளைகுடா நாடுகளுக்குப் போவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கோடீன், திரமடோல் போன்ற மருந்துகளை முன் அனுமதியின்றி ஐக்கிய அரபு இராச்சியத்துக்குள் கொண்டுபோவது குற்றமாகும். அயலவர் தந்த குளிசைப் பொதியை அவருடைய பிள்ளைக்கென்று கொண்டுபோகாதீர்கள்.

எமக்குள் வேலை கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். மீண்டும் காணி கிடைத்து ஆட்களை வைத்துத் தோட்டம் செய்பவர்கள், சிறு பட்டறை வைத்திருப்பவர்கள், கூட்டுறவுச் சங்க நிர்வாகிகள். உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சோதிக்கத்தான் வேண்டுமென்றால் ஆபத்தான வேலைக்கு மட்டும் சோதியுங்கள். ஏன் என்பதை முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லுங்கள். முகாமில் இருந்து வந்தவன் என்பதற்காக ஒருவனை மட்டும் தெரிந்தெடுக்காதீர்கள். முடிவை இருவருக்கு மேல் அறியவிடாதீர்கள்.

உண்மையாகவே அகப்பட்டவன்

இதுவரை குற்றமற்றவனுக்காகப் பேசினேன். குற்றமுள்ளவனுக்காகவும் பேச வேண்டும். ஏனென்றால் அவனும் எமது பிள்ளை.

சோதனையில் உண்மையாகவே ஹெரோயின் காட்டிய ஒருவனை வேலையிலிருந்து துரத்தினால், வேலைத்தலம் சுத்தமாகும், ஊர் சுத்தமாகாது. சம்பளம் நின்றவன் அடுத்த நாள் தூளுக்குக் காசு தேடுவது அயல் வீட்டில்தான். காலையில் எழும்பிப் போக ஒரு வேலை, "வந்துவிட்டாயா?" என்று கேட்க ஒரு மேற்பார்வையாளர், மாத முடிவில் தாயின் கையில் கொடுக்க ஒரு சம்பளம் ஆகியவை மருந்தைப் போலவே குணப்படுத்துகின்றன. சிகிச்சைக்கு விடுமுறை கொடுத்து, திரும்பி வந்தவனைச் சேர்த்துக்கொள்ளும் முதலாளி ஒரு மனிதனை மீட்கிறார்.

ஆனால் சிகிச்சை எங்கே? தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை, 1984 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்டது. தலங்கம, காலி, கண்டி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் அது நெடுங்காலமாகச் சிகிச்சை நிலையங்களை நடத்தி வந்திருக்கிறது. எல்லாம் தெற்கில். சிங்களம் தெரியாத எமது பிள்ளை அங்கு போய் மனம் திறந்து எப்படிப் பேசுவான்? எமது பகுதியில், எமது மொழியில், குடும்பம் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் சிகிச்சை வேண்டும் என்று நாம் ஓயாமல் கேட்க வேண்டும். அதுவரை, அந்தச் சபையின் 1927 என்ற தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை பெறலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடலாம். வெட்கப்பட்டு வீட்டுக்குள் மறைத்த நோய்தான் வீட்டைத் தின்கிறது.

முடிவாக

அந்தச் சாரதித் தம்பி இப்போது வேறோர் இடத்தில் உழவு இயந்திரம் ஓட்டுகிறான். சம்பளம் குறைவு. காலில் நோ வரும்போது குளிசை போடப் பயப்படுகிறான். "குடிச்சால் திரும்பவும் காட்டுமே, சுவாமி?" என்று கேட்டான். ஒரு நேர்மையான பிள்ளை நோவைத் தாங்கிக்கொண்டு திரிய வேண்டியிருக்கிறது. தங்கையின் கலியாணப் பேச்சு ஒன்று குழம்பியது. வேறொன்று இப்போது நடந்துகொண்டிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் தாய் அந்த மருந்துத் துண்டையே கொண்டுபோய்க் காட்டினாராம்.

நற்செய்தியில் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் வருகிறார். காலையிலும் நடுப்பகலிலும் பின்னேரத்திலும் சந்தைக்குப் போய், வேலையின்றி நின்றவர்களைக் கண்டார். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டார். எவரும் எங்களை வேலைக்கு எடுக்கவில்லை என்ற பதிலை நம்பித் தோட்டத்துக்கு அனுப்பினார். எமது சந்திகளிலும் அப்படி நிற்கும் இளைஞர் பலர். அவர்களில் சிலரைச் சோதிக்க வேண்டிய தேவை வரலாம். வந்தால், அந்தச் சோதனைக்கு விதி இருக்கட்டும், சாட்சி இருக்கட்டும், இரகசியம் இருக்கட்டும், இரண்டாவது சந்தர்ப்பமும் இருக்கட்டும். அப்படி ஒரு சட்டம் இந்த நாட்டுக்கு வேண்டும் என்று தொழிற்சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் பங்குச் சபைகளும் சேர்ந்து கேட்கலாம்.

உங்கள் பகுதிச் சங்கக் கூட்டத்தில் இந்தக் கட்டுரையை ஒருமுறை வாசித்துக் கலந்துரையாடுங்கள். இப்படியான சோதனையால் பாதிக்கப்பட்டவர் எவராவது உங்கள் மத்தியில் இருந்தால், தனித்து விடாதீர்கள். அவரைக் கூட்டிக்கொண்டு எம்மிடம் வாருங்கள். வரும்போது மருந்துத் துண்டையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.